பூசுவதற்கு முன்

கொதிக்கும் ரசம் குழந்தையின் கையில் கொட்டிவிட்டது என்ற கூக்குரல் அடுக்களையிலிருந்து எழுந்த மாத்திரத்தில், வீட்டிலுள்ளோர் ஆளுக்கொரு பக்கமாக ஓடுவார்கள். ஒருத்தி இட்லி மாவுப் பாத்திரத்தைத் திறப்பாள், ஒருவர் பற்பசையைத் தேடுவார், பள்ளிக்கூடத்துப் பையன் தன் பையிலிருந்து மைப்புட்டியை எடுத்து நீட்டுவான், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியோ, எழுந்திருக்காமலே, "தண்ணி மட்டும் ஊத்திடாதீங்கடி, கொப்புளிச்சுடும்!" என்று உத்தரவு போடுவாள். இவர்களில் யாருடைய அன்பையும் சந்தேகிப்பதற்கில்லை. ஆனால் தீக்காயத்தைப் பற்றி மருத்துவ சாஸ்திரம் இன்று கண்டிருக்கும் முடிவுகளை வைத்துப் பார்த்தால், அந்தச் சமயத்தில் செய்ய வேண்டிய ஒரே காரியம் எதுவோ அதைத்தான் பாட்டி விலக்கினாள் என்றும், மற்ற மூவரும் கொண்டுவந்த பொருள்கள் புண்ணை ஆற்றாததோடு நில்லாமல், பின்னால் அதைப் பார்க்கப்போகிற வைத்தியருடைய கண்ணையும் மறைத்துவிடுபவை என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அரிவாள் பட்டால் பட்ட மட்டுக்கும்தான் வெட்டு. தீக்காயம் அப்படியல்ல, அடுப்பை அணைத்த பிறகும் அது உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். ஆகையால் எவ்வளவு ஆழம், எவ்வளவு பரப்பு, எதனால் நேர்ந்தது என்ற மூன்றையும் முதலில் பார்த்துத் தெளிய வேண்டும். இம்மூன்றும் தெரிந்துவிட்டால் சிகிச்சையின் பாதி நிர்ணயமாகிவிடும். தெரியாமல் எதை அப்பினாலும், அது நோயாளிக்குச் செய்யும் உதவி அல்ல. பக்கத்தில் நிற்பவர்களின் மனப்பதற்றத்துக்குச் செய்துகொள்ளும் சமாதானம்தான்.

சருமம் வெறும் போர்வை என்று நினைப்பவர்கள் உண்டு. வளர்ந்த மனிதனுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை விரிந்திருக்கும் இந்த அவயவமே, உடம்பிலுள்ள நீரை உள்ளே தேக்கி வைப்பதும், வெளியிலுள்ள கிருமிகளை வாசலிலேயே நிறுத்துவதும், சரீரத்தின் சூட்டைச் சமனாக வைத்துக்கொள்வதும். அதில் மேல்தோல் என்றும் உள்தோல் என்றும் இரண்டு அடுக்குகள், அடியில் கொழுப்பு. மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் உள்தோலில் ஆழமாக வேர்விட்டிருக்கின்றன. மேல்தோல் முழுவதும் அழிந்தாலும், அந்த மயிர்க்கால்களின் உட்சுவர்களில் மிஞ்சியிருக்கும் உயிரணுக்கள் பெருகி மேலே பரவிப் புதுத்தோலை உண்டாக்கிவிடும். அவையும் அழிந்துவிட்டாலோ, ஓரத்திலிருந்து ஊர்ந்து வருகிற தோலைத் தவிர அந்த இடத்தை மூட வேறு வழி இயற்கையிடம் இல்லை. தானாக ஆறும் காயம், ஆறாத காயம் என்ற பேதம் இங்கேதான் பிறக்கிறது.

சூடு மாத்திரம் ஆழத்தைத் தீர்மானிப்பதில்லை. அது எவ்வளவு நேரம் தங்கியது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1947-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து இந்தக் கணக்கு உலகுக்குத் தெரியவந்தது. ஏறக்குறைய 49 டிகிரி சென்டிகிரேடு சூடுள்ள நீர் வளர்ந்தவரின் தோலைப் புண்ணாக்கச் சில நிமிஷங்கள் வேண்டும். 60 டிகிரி நீருக்கு ஐந்து விநாடி போதும். 70 டிகிரிக்கு ஒரு விநாடியே அதிகம். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சாம்பார் இவை எல்லாவற்றையும் கடந்த சூட்டில் இருக்கிறது. போதாக்குறைக்கு, பருப்பும் புளிக்கரைசலும் தோலில் ஒட்டிக்கொண்டு வழிந்தோடாமல் நின்றுவிடுகின்றன. பலகாரம் பொரிக்கும் எண்ணெயின் விபரீதத்தைச் சொல்லவே வேண்டாம். குழந்தையின் தோல் மெல்லியதாகையால், பெரியவர் கையை உதறிவிட்டுப் போய்விடுகிற அதே சூடு, மேஜை விரிப்பை இழுத்துக் காபி டம்ளரைத் தன்மேல் கவிழ்த்துக்கொண்ட ஒரு வயதுக் குழந்தையின் மார்பில் ஆழ்ந்த புண்ணை உண்டாக்கிவிடுகிறது.

தீப்புண்ணை ஆழத்தைக் கொண்டு வகுப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. சுசுருதர் தம் சம்ஹிதையில் பிலுஷ்டம், துர்தக்தம், சம்யக்தக்தம், அதிதக்தம் என நான்கு வகைகளைச் சொல்லுகிறார்: நிறம் மாறிக் கடுமையாக எரிவது முதலாவது; கொப்புளம் எழுந்து கடும் வேதனை தருவது இரண்டாவது; மிக ஆழமாகாமல் பனம்பழ நிறம் கொண்டு நிற்பது மூன்றாவது; சதை தொங்கி, நரம்பும் மூட்டும் கெட்டு, ஜ்வரமும் தாகமும் மூர்ச்சையும் கூடியது நான்காவது. ஐரோப்பாவில் ஹில்டானஸ் என்ற வைத்தியர் 1607-இல் மூன்று படிகளாகவும், பாரிஸ் நகரத்து டுப்புய்ட்ரன் 1832-இல் ஆறு படிகளாகவும் வகுத்தார்கள். இன்றைய மருத்துவர் சொல்லும் வகுப்பு இவற்றைவிட எளிமையானது. பயிற்சி இல்லாதவரும் ஓரளவு கண்டுகொள்ளக்கூடியது.

மேல்தோல் மட்டும் வெந்திருந்தால் கொப்புளம் இராது, எரிச்சல் இருக்கும், ஒரு வாரத்துக்குள் செதிலுதிர்ந்து சரியாகிவிடும். உள்தோலின் மேற்பகுதி வரை போயிருந்தால் கொப்புளம் எழும். கொப்புளம் உடைந்த இடம் ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றுப் பட்டாலே உயிர் போகிறாற்போல் வலிக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து, விரலை எடுத்ததும் சிவப்பு ஓடிவரும். இது பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் ஆறும். உள்தோலின் அடிப்பகுதியைத் தொட்டுவிட்டால், வெண்மையும் சிவப்புமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும், அழுத்தினாலும் நிறம் மாறுவது மந்தமாக இருக்கும், வலியும் குறையும். முழுத் தோலும் வெந்துபோயிருந்தால், அந்த இடம் மெழுகு வெண்மையாகவோ, பழுப்பாகவோ, கரிந்தோ, தோல் செருப்பின் அடிபோல் விறைத்தோ கிடக்கும். அங்குள்ள மயிரை இழுத்தால் தடையின்றிக் கையோடு வரும். ஊசியால் குத்தினாலும் நோயாளிக்குத் தெரியாது.

வலிதான் இந்த விஷயத்தில் பெரிய பொய்சாட்சி. துடிதுடித்துக் கதறுகிறவருக்குப் பெரிய காயம், சாந்தமாகப் பேசிக்கொண்டிருப்பவருக்குச் சின்னக் காயம் என்று நாம் இயல்பாக எண்ணிவிடுகிறோம். வலியை உணர்த்தும் நரம்பு முனைகள் உள்தோலில் இருக்கின்றன. அவை உயிரோடிருப்பதனால்தான் மேலோட்டமான காயம் அவ்வளவு வலிக்கிறது. அவையே கருகிவிட்ட இடத்தில் வலிக்க யாருமில்லை. உடம்பில் பாதி வெந்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து, "எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை, வீட்டுக்குப் போகட்டுமா?" என்று தெளிவாகக் கேட்கிறவர்களைத் தீக்காய வார்டுகளில் வேலை செய்பவர்கள் அறிவார்கள், கேட்டதும் அவர்கள் முகம் இறுகுவதன் காரணமும் அதுதான்.

மற்றொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மேலோட்டமான தீக்காயம் சிவந்திருக்கும் என்று புஸ்தகங்கள் எழுதியது வெள்ளைத்தோலைப் பார்த்து எழுதியது. நம்மவரின் மாநிறத்திலும் கருநிறத்திலும் அந்தச் சிவப்பு தெரிவதில்லை. சுற்றியுள்ள இடத்தைவிடச் சற்று அதிகமாகக் கறுத்து, தொட்டால் சுடுகிற இடமே நமக்குச் சிவந்த இடம். ஆறிய பின்பு அதே இடம் வெளுத்துத் தோன்றுவதைக் கண்டு வெண்குஷ்டம் வந்துவிட்டதென்று பயப்படுகிற குடும்பங்களும் உண்டு. ஆழமற்ற காயமாயின் அந்த நிறம் சில மாதங்களில் பெரும்பாலும் திரும்பிவிடும்.

இவ்வளவு அடையாளங்களும் வெறுங்கண்ணுக்குத் தெரிய வேண்டியவை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, நீல மை ஊற்றிய கையையும், மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசிய மார்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நிறத்தைப் பார்த்து ஆழத்தைச் சொல்ல வேண்டிய வைத்தியர், முதலில் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஏற்கெனவே அலறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அது இரண்டாவது தண்டனை. வெண்ணெயும் எண்ணெயும் சூட்டை உள்ளேயே தேக்குகின்றன. மாவும் முட்டையும் கிருமிக்கு ஆகாரமாகின்றன. பற்பசை காய்ந்து ஒட்டிக்கொள்கிறது.

அப்படியானால் தண்ணீர்? பர்மிங்ஹாம் நகரத்து அறுவை மருத்துவர் டக்ளஸ் ஜாக்சன் 1953-இல் விளக்கியபடி, ஒவ்வொரு தீக்காயத்திலும் மூன்று வளையங்கள் உண்டு. நடுவில் செத்துப்போன பகுதி. அதற்கு யாராலும் உயிர் கொடுக்க முடியாது. வெளியோரத்தில் இரத்தவோட்டம் மிகுந்து சிவந்த பகுதி. அது எப்படியும் பிழைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே இரத்தவோட்டம் தேங்கி, பிழைப்பதா மடிவதா என்று ஊசலாடும் பகுதி ஒன்று இருக்கிறது. அடுத்த இரண்டு மூன்று நாட்களில் அது எந்தப் பக்கம் சாயும் என்பதை ஒட்டித்தான், முதல் நாள் ஆழமற்றதாகத் தோன்றிய புண் மூன்றாம் நாள் ஆழமானதாக மாறுவதும் மாறாதிருப்பதும். அந்த ஊசலாடும் பகுதியை நம் பக்கம் இழுக்க வீட்டிலிருப்பவர் கையில் உள்ள சாதனம் ஓடும் தண்ணீர் ஒன்றே.

குழாயைத் திறந்து, சாதாரணக் குளிர்ச்சியுள்ள நீரைக் காயத்தின்மேல் இருபது நிமிஷம் ஓடவிட வேண்டும். இரண்டு சொம்பு ஊற்றிவிட்டு நிறுத்துவது போதாது. இருபது நிமிஷம் என்பது கடிகாரத்தைப் பார்த்து நின்றால் எவ்வளவு நீளமானது என்று நின்றவருக்கே தெரியும். உடனே செய்ய இயலாவிட்டாலும், சுட்ட மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலனுண்டு. பனிக்கட்டி கூடவே கூடாது; அது இரத்தக்குழாய்களைச் சுருக்கிக் காயத்தை ஆழமாக்கிவிடும். உடம்பில் பெரும்பகுதி வெந்தவருக்கும் சிறு குழந்தைக்கும் நெடுநேரம் நீரூற்றினால் உடல் சில்லிட்டுப்போகும் அபாயம் உண்டாகையால், காயத்தைக் குளிர்வித்துக்கொண்டே மற்ற பாகத்தைக் கம்பளியால் மூடியிருக்க வேண்டும். கொப்புளம் தண்ணீரால் வருவதன்று; வெந்த ஆழத்தால் வருவது. தண்ணீர் ஊற்றாவிட்டாலும் அது வந்தே தீரும். பாட்டியின் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்வதானால், அவளுடைய அபிப்பிராயத்துக்குப் பழைய பிரமாணம் ஒன்று உண்டு: பிலுஷ்டத்துக்குச் சூடே சிகிச்சை, குளிர்ந்த நீர் இரத்தத்தை உறையச்செய்யும் என்று சுசுருதரே எழுதியிருக்கிறார். வகைப்படுத்துவதில் அவ்வளவு கூர்மையாயிருந்த அந்த மகாபுருஷரின் இந்த ஒரு முடிவை, பின்வந்த பரிசோதனைகள் ஏற்கவில்லை.

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். சில நாழிகையில் வீங்கிவிட்டால் அவற்றை அறுத்தெடுக்கத்தான் வேண்டியிருக்கும். துணி தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் சுற்றிலும் கத்தரித்துவிடுவது நலம். கொப்புளத்தை உடைக்கலாகாது. பிறகு துவைத்துக் காய்ந்த மெல்லிய பருத்தி வேட்டியால் தளர மூடி அழைத்துப்போகலாம். சேலையில் தீப்பிடித்தவர் ஓடினால் காற்றும், நின்றால் மேலெழும் ஜ்வாலையும் தீயை முகத்துக்கு ஏற்றும். அவரைத் தரையில் படுக்கவைத்து உருட்டி, கனத்த பருத்திப் போர்வையாலோ தண்ணீராலோ அணைக்க வேண்டும். நைலான் போர்வை உருகி ஒட்டிக்கொள்ளும்.

பூச்சின்மேல் உள்ள மோகம் பாமரர்க்கு மட்டும் உரியதென்று எண்ணிவிடக் கூடாது. 1925-இல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து டேவிட்சன் என்பவர், தோல் பதனிட உதவும் டானிக் அமிலத்தைத் தீக்காயத்தில் பூசினால் பழுப்பு நிறத்தில் ஒரு பொருக்குக் கட்டி நீர்க்கசிவை நிறுத்துகிறது என்று வெளியிட்டார். உலகெங்கும் ஆஸ்பத்திரிகள் அதைக் கைக்கொண்டன. முதலுதவிப் பெட்டிகளில் அதன் களிம்பு இடம்பெற்றது. 1940-இல் பிரிட்டிஷ் விமானிகள் எரியும் விமானங்களிலிருந்து முகமும் கைகளும் வெந்து இறங்கியபோது, அவர்களுக்கும் அதுவே பூசப்பட்டது. பொருக்கு விரல்களைச் சுற்றி இறுகி அவற்றின் இரத்தவோட்டத்தை நிறுத்தியது. இமைகளை இழுத்துக் கண்ணை மூடவிடாமல் செய்தது. அடியில் சீழ் பிடித்தால் வெளியே தெரியாமலும் போயிற்று. இங்கிலாந்தில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூரின் மருத்துவமனையில் இருந்த ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற நியூசிலாந்து வைத்தியர், கடலில் விழுந்து மீட்கப்பட்ட விமானிகளின் காயங்கள் தரையில் விழுந்தவர்களுடையவற்றைவிட நன்றாக இருப்பதைக் கவனித்தார்; டானிக் அமிலத்தைக் கைவிட்டு, நோயாளிகளை வெதுவெதுப்பான உப்புநீர்த் தொட்டியில் இறக்கலானார். பதினைந்து வருஷம் உலகம் நம்பிய ஒரு பூச்சு, பார்க்கத் தெரிந்த ஒருவருடைய கண்ணுக்கு முன்னால் நிற்கவில்லை.

இனி, பரப்பு. வேலைப் பளு மிகுந்த வார்டிலும் விரைவாகக் கணக்கிடும்பொருட்டு, எடின்பரோ நகரத்து வாலேஸ் என்பவர் 1951-இல் உடம்பை ஒன்பது ஒன்பதாகப் பங்கிட்டுக் காட்டினார்: தலையும் கழுத்தும் 9 சதவீதம், ஒவ்வொரு கையும் 9, மார்பும் வயிறும் சேர்ந்து 18, முதுகு 18, ஒவ்வொரு காலும் 18, மர்மஸ்தானம் 1. சிறு காயங்களுக்கு நோயாளியின் உள்ளங்கையே அளவுகோல்; விரல்கள் சேர்ந்த அந்தக் கை, அவரவர் உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். பார்ப்பவரின் கையை வைத்து அளக்கக் கூடாது என்பது குழந்தைகளிடம் முக்கியம். அப்பாவின் கை குழந்தையின் மார்பில் பாதியை மூடிவிடும். கைக்குழந்தைக்குத் தலை மட்டும் 18 சதவீதம், கால் ஒவ்வொன்றும் 14 என்பதையும் மறக்கலாகாது.

இந்தக் கணக்குக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்பதற்கு இரண்டு தீ விபத்துகளின் சரித்திரத்தைச் சொல்ல வேண்டும். 1921-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ரியால்ட்டோ என்ற திரைப்படக் கொட்டகை எரிந்தபோது, யேல் பல்கலைக்கழகத்து அண்டர்ஹில் காயம்பட்டவர்களைப் பரிசோதித்து, கொப்புளத்து நீர் ஏறக்குறைய இரத்தத்தின் திரவப் பகுதியே என்று கண்டார். தீக்காயத்தில் ஏதோ நஞ்சு உண்டாகி மனிதன் சாகிறான் என்று அதுவரை இருந்த எண்ணம் தளர்ந்து, குழாய்களிலிருந்து நீர் கசிந்துவிடுவதாலேயே முதல் நாட்களில் உயிர் போகிறது என்பது புலப்பட்டது. 1942 நவம்பர் 28 அன்று போஸ்டன் நகரத்தில் கோகோநட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் மாண்டார்கள். தப்பியவர்களுக்கு அந்நகரத்து மருத்துவமனைகளில் கிடைத்த சிகிச்சையிலிருந்து, இன்றைய தீக்காய மருத்துவத்தின் பல கிளைகள் முளைத்தன. வயதுக்கு வயது அங்கங்களின் விகிதம் மாறுவதைக் காட்டும் லண்ட், பிரௌடர் என்பவர்களின் படம் அந்நகரிலேயே உருவாகி 1944-இல் வெளிவந்தது.

பிற்பாடு டெக்சாஸ் மாநிலத்து பாக்ஸ்டர் 1968-இல் சொன்ன சூத்திரம் இன்றும் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் கரும்பலகையில் இருக்கிறது: எடை கிலோவில், வெந்த பரப்பு சதவீதத்தில், இரண்டையும் பெருக்கி நான்கால் பெருக்கினால், முதல் 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டிய உப்புத் திரவம் மில்லி லிட்டரில் கிடைக்கும். 60 கிலோ மனிதருக்கு 30 சதவீதம் வெந்திருந்தால், 7,200 மில்லி. அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள். அந்த எட்டு மணி நேரம் ஆஸ்பத்திரியில் காலடி வைத்த நிமிஷத்திலிருந்து அன்று, சுட்ட நிமிஷத்திலிருந்து கணக்கு. உள்ளூரிலேயே வைத்திருந்து பார்த்துவிட்டு நான்கு மணி நேரம் கழித்து வந்தவருக்கு, எட்டு மணி நேரத்துத் திரவத்தை எஞ்சிய நான்கில் ஏற்ற வேண்டியிருக்கும். விபத்து நடந்த நேரத்தைக் கையோடு குறித்துக்கொண்டு போகிறவர், வைத்தியருக்குப் பாதி உதவி செய்தவர். நீர் போதுமா என்பதைச் சிறுநீரே சொல்லிவிடும். ஆகையால்தான் அங்கே மணிக்கு மணி அதை அளந்து எழுதுகிறார்கள்.

எப்போது ஆஸ்பத்திரி? முகம், கை, பாதம், மர்மஸ்தானம், மூட்டு ஆகியவற்றில் பட்ட காயம் சிறியதாயினும் போக வேண்டும். முழு ஆழமானது, கையையோ மார்பையோ சுற்றி வளைத்தது, குழந்தைக்கும் வயோதிகருக்கும் நேர்ந்தது, வளர்ந்தவருக்குத் தம் உள்ளங்கையால் பத்து அளவுக்கு மேற்பட்டது என எதுவாயினும் தாமதிக்கக் கூடாது. 108 வண்டியை அழைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறக்கலாம். சுற்றி வளைத்த காயத்தின் இறுகிய தோல் உள்ளே வீங்குகிற கையை நெரிக்கும். வைத்தியர் அதை நீளவாக்கில் கீறிவிடுவதைக் கண்டு உறவினர் அஞ்ச வேண்டியதில்லை, அந்தக் கீறலே கையைக் காப்பது.

மூடிய அறையில் புகையில் சிக்கியவருடைய உடம்பில் காயமே இல்லாமலிருக்கலாம். மூக்கு மயிர் பொசுங்கியிருந்தால், சளி கறுத்திருந்தால், குரல் கம்மியிருந்தால், மூச்சுக்குழாய் வெந்திருக்கிறது. சில மணி நேரத்தில் வீங்கி அடைத்துக்கொள்ளும். பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் தொண்டையில் மயக்க மருத்துவர் முன்கூட்டியே குழாய் இறக்குவது இந்த அறிவால்தான்.

மின்சாரம் தரும் காயம் வஞ்சகமானது. முதலில் மின்னோட்டத்தை நிறுத்தாமல் தொடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும்; உள்ளங்கையில் ஒரு சிறு கரும்புள்ளியும், பாதத்தில் ஒரு சிறு கரும்புள்ளியும் மட்டும் இருக்க, இடையிலுள்ள தசையெல்லாம் வெந்திருக்கலாம் என்பது தெரிவதில்லை. இருதயத்தின் துடிப்பும் தடுமாறலாம். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், சிதைந்த தசையின் பொருள் சிறுநீரகத்துக்கு வந்துவிட்டதென்று அர்த்தம்.

அமிலமும் காரமும் தோலில் இருக்கும்வரை எரித்துக்கொண்டே இருப்பவை. காரம் இன்னும் மோசம். அமிலம் பட்ட இடத்தில் திசு உறைந்து ஒரு தடுப்பாகும், காரமோ திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை விளையாட்டாகப் பிதுக்க, அது வெடித்துக் கண்ணில் தெறிப்பது நம் நாட்டுக் கண் வைத்தியர்கள் நன்கறிந்த விபத்து. இமைக்குள் ஒட்டிய சுண்ணாம்பைத் துடைத்தெடுத்து, அடிபட்ட கண் கீழ்ப்புறமாக இருக்கும்படி தலையைச் சாய்த்து, விடாமல் நீரூற்றிக்கொண்டே போக வேண்டும்; ஆஸ்பத்திரியில் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று கிளம்பினால், வழியிலேயே பார்வை போகும். தோலில் உலர்ந்த சுண்ணாம்புத் தூள் பட்டிருந்தால் முதலில் தட்டி உதிர்த்துவிட்டே கழுவ வேண்டும். அமில வீச்சுக்கு ஆளானவருக்கு, அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற பேதமின்றி உடனே இலவச சிகிச்சை அளிக்க வேண்டுமென்று 2013-இல் சட்டமே செய்யப்பட்டிருக்கிறது. கேட்டுப் பெறுவது உரிமை.

ஆழமான புண்ணில், வெந்த தோல் தானாக அழுகி உதிரட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருப்பதே ஒரு காலத்தில் வழக்கம். அந்தக் காத்திருப்பில் கிருமி புகுந்து இரத்தத்தில் கலந்து எத்தனையோ பேரைக் கொண்டுபோயிற்று. யுகோஸ்லாவியாவின் மாரிபோர் நகரத்து சோரா யான்செகோவிச் என்ற பெண் மருத்துவர், சில நாட்களுக்குள்ளேயே செத்த தோலைச் சீவி எடுத்து உடனே ஒட்டுத்தோல் வைத்துவிடலாம் என்பதை 1970-இல் எழுதிக்காட்டினார். இன்றைய முறை அதுவே. நம் நாட்டு வைத்தியர்களுடைய பங்கும் சிறியதன்று. மும்பையின் கேஷ்வானி என்பவர் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைத் துணியில் ஒட்டிக் கட்டுப்போட்டுப் பார்த்தார். அந்நகரத்தின் மற்றொரு மருத்துவமனையில் நீராவியில் சுத்திகரித்த வாழையிலையைக் கட்டாகப் பயன்படுத்தி, அது புண்ணில் ஒட்டாமல், பிரிக்கும்போது வலிக்காமல் இருப்பதை நிரூபித்தார்கள். வெந்தவரை வாழையிலையில் கிடத்துகிற நம் வழக்கத்துக்கு இவ்வாறு ஆதரவு கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தச் சிகிச்சைக்குப் பேர்போன இடம் சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காய வார்டு.

அங்கெல்லாம் வைத்தியருக்கும் உறவினருக்கும் நடக்கும் ஓயாத வழக்கு ஆகாரத்தைப் பற்றியது. புண் சீழ்ப்பிடிக்குமென்று முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் விலக்கி, கஞ்சியும் ரொட்டியும் கொடுத்துப் பத்தியம் காப்பது நம்மவர் வழக்கம். பெரிய தீக்காயம் பட்டவரின் உடம்போ, படுக்கையில் அசையாது கிடக்கும்போதே ஏறக்குறைய இரு மடங்கு சக்தியைச் செலவழிக்கிறது. புதுத்தோல் நெய்வதற்கு வேண்டிய புரதம் வாய்வழி வராவிட்டால், தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்கிறது. ஓரிரண்டு மாதத்தில் எலும்பும் தோலுமாகி, ஒட்டிய தோலும் பிடிக்காமல் உதிர்வதற்கு இந்தப் பத்தியமே காரணம். முட்டை கொடுங்கள், நாளைக்கு நான்கு கொடுத்தாலும் வைத்தியர் சந்தோஷப்படுவார்.

மற்றொரு வழக்கு தலையணையைப் பற்றியது. கழுத்து வெந்தவருக்குத் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும். அந்தச் சுகமே பின்னால் மோவாயை மார்போடு இழுத்துக் கட்டிவிடும். புண் ஆறும்போது வடுத்தோல் சுருங்கும். மடங்கியிருக்கும் மூட்டை மடங்கியவாறே பிணைத்துவிடும். ஆகையால் கழுத்துக்குத் தலையணை இல்லாமல், அக்குள் வெந்தவருக்குக் கையை விரித்து, முழங்கை நிமிர்ந்திருக்கச் சிம்பு கட்டி, இரவிலும் கழற்றாமல் வைக்கச் சொல்லுகிறார்கள். வலிக்கிறது என்று பிள்ளை அழுதால் தாய் சிம்பைக் கழற்றிவிடுகிறாள். இந்தத் தயையின் பலனை மூன்று மாதம் கழித்து அறுவைக் கூடத்தில் பார்க்கிறார்கள். வடு மிருதுவாக ஒரு வருஷமோ அதற்கு மேலோ பிடிக்கும். அதுவரை இறுக்கமான துணியுறையும், எண்ணெய் தடவி நீவிவிடுதலும், பயிற்சியும் வேண்டும். ஆறிய பிறகு எண்ணெய் பூசுவதற்குத் தடையில்லை. பூச்சுக்கு உரிய காலம் அதுதான்.

மெக்கிண்டோ தம் விமானிகளை ஆஸ்பத்திரி உடையில் அடைத்துவைக்கவில்லை. முகம் உருமாறிய அந்த இளைஞர்களைத் தங்கள் உடுப்பிலேயே ஊருக்குள் அனுப்பினார். ஊராரிடம் முன்கூட்டியே பேசி, உற்றுப் பார்க்காமல் சாதாரணமாகப் பழகும்படி கேட்டுக்கொண்டார். ஊரும் கேட்டது. பரிசோதனைப் பிராணிகளின் பெயரை வேடிக்கையாகத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டு 1941-இல் அந்த நோயாளிகள் தொடங்கிய சங்கத்தில், யுத்தம் முடிகையில் 649 பேர் இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் வருஷந்தோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர் நடுத்தரமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள். அவர்களுள் பிழைத்து வீடு திரும்புகிறவர்கள் பஸ்ஸில் ஏறும்போது பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போவதைப் பார்த்திருப்பவர்களுக்கு, அந்தச் சிற்றூர் செய்தது எவ்வளவு பெரிய சிகிச்சை என்பது விளங்கும்.

உடம்பில் பாதிக்கு மேல் வெந்தவருக்குத் தம்மிடமிருந்து எடுத்து ஒட்டத் தோல் போதாது. அந்த இடைக்காலத்தில் புண்ணை மூடிவைக்க, இறந்தவர்களிடமிருந்து பெற்ற தோல் உதவுகிறது. நோயாளியின் உடம்பு அதைச் சில வாரங்களில் நிராகரித்துவிடும் என்றாலும், அந்தச் சில வாரங்களே உயிருக்கும் மரணத்துக்கும் நடுவில் நிற்பவை. மரணம் சம்பவித்த ஆறு மணி நேரத்துக்குள், தொடையிலிருந்தும் முதுகிலிருந்தும் காகிதம்போல் ஒரு மெல்லிய படலத்தை மட்டும் எடுப்பார்கள். இரத்தம் கசிவதில்லை, முகம் மாறுவதில்லை, கட்டுப்போட்டு உடலை ஒப்படைத்துவிடுவார்கள். கண் தானத்தைப் போலவே இதற்கும் இரத்தவகை பொருந்த வேண்டியதில்லை. கிளிசரினில் பதப்படுத்திக் குளிரில் வைத்தால் அந்தத் தோல் ஐந்து வருஷம் வரை கெடாது.